கண்மாய் வேலையில் முன்னால் நிற்பது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிவகங்கை, விருதுநகர், இராமநாதபுரம் பக்கத்துக் கிராமங்களில் கண்மாயைச் சீராக்கக் கிளம்புகிறவர்களோடு சில ஆண்டுகளாகச் சுற்றிக்கொண்டிருக்கிறேன். கரையை எவ்வளவு உயர்த்துவது, மடையை எப்படிச் சரிசெய்வது என்று யாரும் என்னிடம் அதிகம் கேட்பதில்லை. அதற்கு ஊரிலேயே ஆள் இருக்கிறது. "யாரும் வர மாட்டேங்கிறாங்க", "இதைச் சொல்ல நான் யாரு", "போன வருஷம் செஞ்சோம், இந்த வருஷம் பழையபடி ஆயிடுச்சு" என்பவைதான் திரும்பத் திரும்ப வருகின்றன. அவற்றுக்கு எனக்குத் தெரிந்த பதில்கள் இவை. வட மாவட்டத்துக்காரர்கள் கண்மாய் என்று வரும் இடத்தில் ஏரி என்று படித்துக்கொள்ளலாம்.

நிலைத்த வளர்ச்சி என்று பெரிய இடங்களில் பேசுகிறார்களே, அதற்கும் எங்கள் ஊர்க் கண்மாய்க்கும் என்ன சம்பந்தம்?

இன்றைய தேவையை நிறைவேற்றப்போய், வருகிற தலைமுறை தன் தேவையை நிறைவேற்றிக்கொள்ள முடியாதபடி செய்துவிடக் கூடாது. ஐ.நா. அமைத்த புருண்ட்லாண்ட் ஆணையம் 1987-இல் சொன்னதன் சாரம் இவ்வளவுதான். கண்மாயில் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். தமிழ்நாட்டில் ஏறத்தாழ 39,000 ஏரிகளும் கண்மாய்களும் இருக்கின்றன. அவற்றில் பெரும்பாலானவை சங்கிலி போலக் கோத்தவை. மேல் கண்மாய் நிறைந்து, மிஞ்சிய தண்ணீர் கலுங்கு வழியே மறுகாலாகப் பாய்ந்தால்தான் கீழ்க் கண்மாய்க்குத் தண்ணீர். மேலே இருப்பவர் தன் பங்கோடு நிறுத்தினால்தான் கீழே இருப்பவர் நெல் நடுவார்.

ஆழ்துளைக் கிணறு வந்த பிறகு தண்ணீர் அவரவர் தோட்டத்து விவகாரமாகிவிட்டது. கண்மாய்க்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்காலில் முள் வளர்ந்தால் யாருக்கும் உறைக்கவில்லை. ஆகவே மண் அள்ளும் இயந்திரம் வந்தால் எல்லாம் தீர்ந்துவிடும் என்று நினைக்காதீர்கள். உறைக்க வைக்க ஒரு ஆள் வேண்டும், அதுதான் இந்த வேலையில் தலைமை.

எனக்குப் பதவி இல்லை, பணம் இல்லை, வயதும் இருபத்தாறுதான். என் பேச்சை யார் கேட்பார்கள்?

முதலில் கேட்க மாட்டார்கள். சரி, பேச வேண்டாம். ஒரு தேதி குறியுங்கள். "வர்ற ஞாயிறு காலை ஆறு மணி, பெரிய மடை பக்கம், ரெண்டு மணி நேரம்" என்று பத்துப் பேரிடம் நேரில் போய்ச் சொல்லுங்கள். வாட்ஸ்அப் குழுவில் போடுவது கணக்கில் சேராது, கைகூப்பும் படம் ஒன்று பதிலாக வரும், அவ்வளவுதான். ஆறு மணிக்கு மண்வெட்டியோடு நீங்கள் அங்கே நில்லுங்கள். மூன்று பேர் வந்தால் மூன்று பேருக்கான வேலையை முடித்துவிட்டு எட்டு மணிக்குக் கலைந்துவிடுங்கள். சொன்ன நேரத்துக்குத் தொடங்கி சொன்ன நேரத்துக்கு முடிக்கிற ஆள் என்று பெயர் வாங்குவது ஊரில் சின்ன விஷயமில்லை.

எங்கிருந்து தொடங்குவது?

காலிலிருந்து. கண்மாயின் வரலாறு தெரிந்த ஒரு பெரியவரைக் கூட்டிக்கொண்டு, கண்மாய் வாயிலிருந்து வரத்துக்கால் வழியே மேல் கண்மாயின் கலுங்கு வரைக்கும் நடங்கள். கையில் ஒரு நோட்டு, புல வரைபட நகல், 'அ' பதிவேடு என்கிற நிலப் பதிவேட்டின் நகல் இருந்தால் போதும். நான் அப்படி நடந்த ஒரு ஊரில் காகிதத்தில் இருபது அடி அகலமிருந்த கால்வாய், ஓர் இடத்தில் தாண்டிக் குதிக்கும் அளவுக்கு ஒடுங்கியிருந்தது. இன்னோர் இடத்தில் அதன் குறுக்கே ரோடு போட்டு, அடியில் ஒற்றைக் குழாயைப் புதைத்திருந்தார்கள். கூட வந்த தாத்தா குழாயை எட்டிப் பார்த்துவிட்டு, "இதுல நாய்கூட நுழையாது, தண்ணி எப்படி வரும்?" என்றார். அந்தக் கண்மாய் ஏன் நிறைவதில்லை என்பதற்கு எனக்கு வேறு ஆய்வறிக்கை தேவைப்படவில்லை.

நடக்கும்போது கேட்க வேண்டியவை: கடைசியாக எந்த வருஷம் மறுகால் போனது? எந்த மடை யாருடைய வயலுக்குப் பாய்கிறது? மடையை யார் திறப்பார்கள், அவருக்குக் கூலி என்ன? மீன்பாசியை, அதாவது மீன் பிடிக்கும் உரிமையை, யார் குத்தகைக்கு எடுத்திருக்கிறார்? முதல் மூன்று நடையிலும் உங்கள் திட்டத்தைப் பற்றி வாயே திறக்காதீர்கள். இளைஞர்களுக்கு இதுதான் மிகக் கடினம். எனக்கும் கடினமாகத்தான் இருந்தது.

நல்ல காரியத்தை ஏன் எதிர்க்கிறார்கள்?

உங்களுக்கு நல்ல காரியம். அவருக்கு என்ன என்று கேட்டீர்களா?

என் சொந்தக் கதையைச் சொல்கிறேன். ஒரு சித்திரை மாதம், கண்மாய்க்குள் காடாகக் கிடந்த சீமைக்கருவேலத்தை அகற்ற நன்கொடை திரட்டி, இயந்திரம் பிடித்து, காலை ஏழு மணிக்கு இறக்கினோம். அரை மணி நேரம்கூட ஓடவில்லை. ஓர் அம்மா இயந்திரத்தின் முன்னால் வந்து உட்கார்ந்துவிட்டார். பின்னாலேயே நாலைந்து குடும்பங்கள். அந்த முள்ளை வெட்டிக் கரிமூட்டம் போடத்தான் அவர்கள் முன்பணம் கொடுத்திருந்தார்கள். ஆடு மேய்ப்பவர்களும் சேர்ந்துகொண்டார்கள். கோடையில் புல் காய்ந்த பிறகு அந்த மரத்து நெற்றுதான் ஆட்டுக்குத் தீனி. நாங்கள் அத்தனை கூட்டம் போட்டிருந்தோம், இவர்களில் ஒருவரைக்கூடக் கூப்பிடவில்லை. தப்பு முழுக்க எங்களுடையது. இயந்திர வாடகை வீண், அதைவிடப் பெரிய நஷ்டம் ஊர் இரண்டு பட்டது.

பிறகு உட்கார்ந்து பேசினோம். மரத்தை அவர்களே வெட்டி எடுத்துக்கொள்வது, அவர்கள் ஒரு பகுதியை முடித்ததும் நாங்கள் வேரைப் பிடுங்குவது, ஆட்டுக்காகக் கரைக்கு வெளியே ஒரு துண்டை அப்படியே விட்டுவிடுவது. பத்து நாளில் முடிப்போம் என்ற வேலை நாலு மாதம் இழுத்தது. ஆனால் வேரோடு போனதால் மறுபடி துளிர்க்கவில்லை. இயந்திரத்தின் முன் உட்கார்ந்த அம்மாதான் பிற்பாடு எங்கள் குழுவிலேயே கறாரான ஆள்.

அதிலிருந்து எந்த ஊருக்குப் போனாலும் நோட்டின் முதல் பக்கத்தில் இந்த வேலையால் யாருக்கு என்ன போகும் என்றுதான் எழுதுகிறேன். கண்மாய்க்குள் பயிர் வைத்திருப்பவர், மீன்பாசி குத்தகைதாரர், செங்கல் சூளைக்கு மண் எடுப்பவர், ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் விற்பவர். எல்லாரையும் சமாதானப்படுத்த முடியாது. ஆனால் இயந்திரம் வந்த பிறகுதான் அவர்களுக்குச் சேதி தெரிந்தது என்று இருக்கக் கூடாது.

ஆக்கிரமிப்பை என்ன செய்வது?

ஏரிகளைப் பாதுகாக்கவும் ஆக்கிரமிப்பை அகற்றவும் 2007-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு சட்டம் ஒன்று இருக்கிறது. அளப்பதும் நோட்டீஸ் கொடுப்பதும் அகற்றுவதும் அதிகாரிகளின் வேலை, நீங்கள் கடப்பாரையைத் தூக்காதீர்கள். உங்கள் வேலை வரிசையைக் கவனிப்பது. குடிசையை முதலில் பிரித்துவிட்டு, பெரிய தோப்பை அப்புறம் பார்க்கலாம் என்று விட்டால் அன்றோடு உங்கள் பெயர் போயிற்று. முடிந்தால் குழுவில் இருப்பவரின் சொந்தக்காரர் ஆக்கிரமிப்பிலிருந்து தொடங்குங்கள். பெரும்பாலான குழுக்களில் அப்படி ஒருவர் இருப்பார்.

எங்கள் ஊரில் சாதி வாரியாகப் பிரிந்து கிடக்கிறார்கள். கூட்டமே ஒன்றாகப் போட முடியாதே?

இந்தக் கேள்வியை மெல்லிய குரலில்தான் கேட்பார்கள். சத்தமாகவே பேசலாம்.

கண்மாய்த் தண்ணீரை நன்றாக அறிந்தவர் யார்? எங்கள் பக்கம் மடைக்குடும்பர், நீர்பாய்ச்சி என்பார்கள், வடக்கே நீர்க்கட்டி. எந்த வயலுக்கு எத்தனை நாழிகை, எந்த மடையை எத்தனை விரற்கடை திறப்பது, வெள்ளம் வரும் இரவில் கரை எங்கே கசியும், எல்லாம் அவர் கையில். கூலி களத்து மேட்டில் நெல்லாக வரும். பல ஊர்களில் இவர்கள் தலித் குடும்பங்கள். தண்ணீரைப் பற்றி அதிகம் தெரிந்தவருக்குத் தண்ணீரைப் பற்றிய கூட்டத்தில் நாற்காலி கிடையாது என்பதுதான் நம் ஊர்களின் லட்சணம்.

நான் செய்வது இதுதான். கூட்டத்தைக் கோயில் வாசலிலோ ஒரு தெருக்காரர் சாவடியிலோ போடுவதில்லை. பள்ளிக்கூடம், இல்லையென்றால் கண்மாய்க் கரையே. கரை எல்லாருக்கும் பொது, தரையில்தான் உட்கார வேண்டும். முதலில் பேச அழைப்பது நீர்பாய்ச்சியை. கையெழுத்துப் போடும் பொறுப்பில் இரண்டு தெருவிலிருந்தும் ஆள். இதனால் சாதி போய்விடுமா? போகாது. டீ கொடுக்கும்போது தம்ளர் எப்படி வருகிறது என்று பாருங்கள், எல்லாம் தெரிந்துவிடும். அதைப் பார்த்தும் பார்க்காதது போல இருக்கிற தலைவரை எதிர்த் தெரு ஒருநாளும் நம்பாது.

பெண்கள் கூட்டத்துக்கு வருவதே இல்லையே?

கூட்டம் எத்தனை மணிக்கு? ராத்திரி ஏழு மணி என்றால் அடுப்பை யார் பார்ப்பது? நூறு நாள் வேலை நடக்கும் இடத்தில் மதியச் சாப்பாட்டு நேரத்துக்குப் போங்கள், ஊரின் பாதிப் பெண்கள் மரத்தடியில் இருப்பார்கள். ஊருணித் தண்ணீர் எந்த மாதம் கலங்கும், எப்போது வற்றும் என்று அவர்களுக்குத் தெரியும் அளவுக்குச் சாவடியில் இருக்கும் ஆண்களுக்குத் தெரியாது.

கென்யாவில் வங்காரி மாத்தாய் 1977-இல் பசுமைப் பட்டை இயக்கத்தைத் தொடங்கியபோது ஏழு மரங்களைத்தான் நட்டார். விறகுக்கும் தண்ணீருக்கும் வெகுதூரம் நடந்த கிராமத்துப் பெண்களிடம் நாற்றங்கால் வேலையை ஒப்படைத்தார். பட்டம் பெற்ற வன அலுவலர்கள் இதெல்லாம் படித்தவர்கள் செய்யும் வேலை என்றார்கள். அந்தப் பெண்கள் விதை பொறுக்கி, உடைந்த சட்டியில் முளைக்க வைத்து, தாங்களே முறை கண்டுபிடித்தார்கள். பிழைத்த ஒவ்வொரு கன்றுக்கும் சிறு தொகை கிடைத்தது. நட்ட கன்றுக்குப் பணம் என்றால் குழியோடு கதை முடிந்திருக்கும். 2004-இல் மாத்தாய்க்கு நோபல் அமைதிப் பரிசு கிடைத்தபோது அந்த இயக்கம் வளர்த்த மரங்கள் கோடிக்கணக்கில் இருந்தன. நம் மரம் நடு விழாக்களைப் பார்க்கும்போதெல்லாம் அந்தச் சிறு தொகைதான் எனக்கு நினைவுக்கு வரும்.

பேச்சுத் திறமை வேண்டுமா?

வேண்டாம். இரண்டு பேர் சண்டை போடும்போது ஐந்து நிமிஷம் வாயை மூடிக்கொண்டு நிற்கத் தெரிந்தால் போதும்.

பணம் விஷயத்தில் கெட்ட பெயர் வராமல் இருக்க?

உத்திரமேரூர்க் கல்வெட்டைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். முதலாம் பராந்தகன் காலம், பத்தாம் நூற்றாண்டின் தொடக்கம். குடவோலை முறையில் ஏரி வாரியத்துக்கு ஆள் எடுக்கும் விதிகள் அதில் இருக்கின்றன. வயது 35-க்கு மேல், 70-க்குள். முந்தைய மூன்று ஆண்டுகளில் வாரியத்தில் இருந்தவர் கூடாது. பொறுப்பிலிருந்து கணக்குக் காட்டாதவர் கூடாது, அவருடைய உறவினர்களும் கூடாது! இன்றைக்கு இந்த ஒரு விதியை வைத்தால் எத்தனை சங்கங்கள் தேறும் என்று தெரியவில்லை. அதே கல்வெட்டை ஜனநாயகத்தின் தொட்டில் என்று மேடையில் முழங்குகிறவர்கள் ஒன்றை விட்டுவிடுவார்கள். அது ஒரு பிராமணச் சபை. நிலமும் வேதப் பயிற்சியும் உள்ளவருக்குத்தான் ஓலை. தண்ணீர் பாய்ச்சியவர் பெயர் குடத்துக்குள் விழுந்திருக்காது. விதியை எடுத்துக்கொள்ளலாம், பெருமையைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளலாம்.

நடைமுறைக்கு வருவோம். டீக்கடைச் சுவரில் ஒரு கரும்பலகை மாட்டுங்கள். வரவு, இயந்திர வாடகை, டீசல், டீ வடைச் செலவு, கையிருப்பு எல்லாவற்றையும் அன்றன்று சாயங்காலம் எழுதுங்கள். ஒரு ஊரில் இயந்திர வாடகையைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. முந்நூறு ரூபாய் டீக்கணக்கு எழுதாமல் போனதை இரண்டு வருஷம் பேசினார்கள். பணத்தைக் கையில் வைத்திருப்பவரும் கணக்கு எழுதுபவரும் வேறு வேறு ஆளாக இருக்கட்டும். முன்னால் நிற்கும் நீங்கள் இரண்டிலும் இருக்காதீர்கள்.

அரசு அலுவலகங்களை எப்படிக் கையாள்வது?

எந்த வாசலில் நிற்க வேண்டும் என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். ஆயக்கட்டு, அதாவது கண்மாய்த் தண்ணீர் பாயும் நிலம், 40 ஹெக்டேருக்கு மேல் என்றால் பொதுவாக நீர்வளத் துறை, அதற்குக் கீழ் என்றால் ஊராட்சி ஒன்றியம். இது தெரியாமல் ஒரு வருஷம் தப்பான அலுவலகத்துக்கு மனு கொடுத்துக்கொண்டிருந்த குழுவை எனக்குத் தெரியும். அந்த அலுவலகமும் எல்லா மனுவையும் வாங்கிக்கொண்டது.

கிராம சபை ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. உங்கள் தீர்மானத்தை முன்கூட்டியே எழுத்தில் கொடுங்கள். அன்று ஆள் சேர்ப்பதும் உங்கள் பொறுப்பு, குறைந்தபட்ச வருகை இல்லாவிட்டால் தீர்மானம் செல்லாது. தீர்மானப் புத்தகத்தில் ஏறியதைக் கண்ணால் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். பதில் வராத மனுவுக்குத் தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது. பத்து ரூபாய்க் கட்டணம், முப்பது நாள் கெடு. அதை முதல் ஆயுதமாக எடுக்காதீர்கள். பொறியாளரை ஒருமுறை கண்மாய்க்குக் கூட்டிவந்து இளநீர் கொடுத்துக் கரையில் நடக்க வைத்தால் பாதி வேலை நடந்துவிடும்.

வண்டல் எடுக்க விவசாயிகளுக்கும் மண்பாண்டத் தொழிலாளர்களுக்கும் கட்டணமில்லை. 2024 முதல் வட்டாட்சியரே அனுமதி கொடுக்கிறார். ஆனால் அனுமதிச் சீட்டு இல்லாமல் ஒரு டிராக்டர் மண்கூட வெளியே போக விடாதீர்கள். உங்கள் பெயரைச் சொல்லி வேறொருவர் மண் விற்பார்.

கட்சிக்காரர்கள் உள்ளே வந்தால்?

வரட்டும். கொடியைக் கரைக்கு அந்தப் பக்கம் வைத்துவிட்டு வரட்டும். எல்லாக் கட்சிக்கும் ஒரே விதி என்று முதல் நாளே சொல்லிவிட்டால் அவர்களுக்கும் நிம்மதிதான்.

வெளியூரில், வெளிநாட்டில் வேலை பார்க்கிறேன். என்னால் என்ன முடியும்?

பணம் அனுப்புவது சுலபம், ஆனால் அது ஊர்க்காரர் கை மண்வெட்டியைக் கீழே போட வைத்துவிடக் கூடாது. தஞ்சை மாவட்டம் பேராவூரணியைப் பாருங்கள். 2018 நவம்பரில் கஜா புயல் அடித்தது, தென்னை மொத்தமும் சாய்ந்தது. நிவாரண வேலையில் சேர்ந்த இளைஞர்கள் அதோடு கலையாமல், 2019-இல் பெரியகுளத்தைத் தூர்வார இறங்கினார்கள். அவர்களுடைய அமைப்பின் பெயரிலேயே கடைமடை என்ற சொல் இருக்கிறது. காவிரித் தண்ணீர் கடைசியாக வந்து சேரும் ஊர்க்காரர்களுக்குத்தான் அந்தச் சொல்லின் வலி தெரியும். துபாயில் வேலை பார்த்த நிமல் ராகவன் அதில் முக்கியமானவர். விடுமுறைக்கு ஊருக்கு வந்தவர் அப்படியே தங்கிவிட்டார். உங்களையும் வேலையை விடச் சொல்லவில்லை. ஊரில் இருக்கும் ஒருவரை நம்பிப் பொறுப்பைக் கொடுத்துவிட்டு, நள்ளிரவில் வீடியோ அழைப்பில் அவரை வேலை வாங்காமல் இருந்தாலே பெரிய உதவி.

நகரத்தில் இருக்கிறோம், எங்களுக்கு ஆயக்கட்டே இல்லையே?

ஆயக்கட்டு இல்லாவிட்டாலும் ஞாயிற்றுக்கிழமை இருக்கிறது. கோவையில் குளங்கள் பாதுகாப்பு அமைப்பினர் வாராவாரம் ஞாயிறு காலை களப்பணிக்குக் கூடுவதை வழக்கமாக்கினார்கள். மாதம் ஒரு பெரிய விழாவைவிட வாரம் இரண்டு மணி நேரம் மேல்.

முதல் வருஷம் திருவிழா போல இருந்தது. இரண்டாம் வருஷம் நாலு பேர்தான் வருகிறார்கள். ஏன்?

இதில்தான் பெரும்பாலான குழுக்கள் படுத்துவிடுகின்றன. தூர்வாருவது படம் எடுக்கிற வேலை. வரத்துக்காலில் ஆண்டுதோறும் புல் செதுக்குவது படம் எடுக்காத வேலை. ஆர்வம் அதுவரைக்கும் தாங்காது. அதற்கு விதி வேண்டும்.

மகாராஷ்டிரத்தின் ஹிவரே பஜார் இதில் நல்ல பாடம். மழை குறைந்த பகுதி, பிழைப்புத் தேடி ஊரே காலியாகிக்கொண்டிருந்தது. 1989-இல் எம்.காம். படித்த போபட்ராவ் பவார் ஊர்த் தலைவரானார். மலைச்சரிவில் வரப்பு வெட்டினார்கள், தடுப்பணை கட்டினார்கள், அதெல்லாம் எல்லா ஊரிலும் நடப்பதுதான். வித்தியாசம் ஊர் தனக்குத்தானே போட்டுக்கொண்ட விதிகளில் இருந்தது. மரம் வெட்டக் கூடாது, ஆடு மாட்டை அவிழ்த்துவிடக் கூடாது, உடலுழைப்புத் தர வேண்டும், பாசனத்துக்கு ஆழ்துளைக் கிணறு போடக் கூடாது. ஆண்டுதோறும் பெய்த மழையை அளந்து, குடிதண்ணீருக்கும் கால்நடைக்கும் ஒதுக்கிய பிறகு, மிச்சத்துக்கு என்ன பயிர் என்று கிராம சபையில் முடிவு செய்கிறார்கள். கரும்பு, வாழை போன்ற தண்ணீர்ப் பயிருக்கு இடமில்லை. தண்ணீர் கூடியதும் கரும்புக்கு ஓடியிருந்தால் ஐந்து வருஷத்தில் பழைய கதைதான்.

நம் ஊரில் நேற்றுவரை இருந்ததுதான் இது, பெயர் குடிமராமத்து. வீட்டுக்கு ஓர் ஆள், வராவிட்டால் கூலிப் பணம். 2017-இல் அரசு அந்தப் பெயரில் திட்டம் கொண்டுவந்தது. நிதி அரசுடையது என்றானபோது பல இடங்களில் அதுவும் இன்னொரு ஒப்பந்த வேலை போலவே நடந்து முடிந்தது. உங்கள் ஊரில் ஆவணி மாதம் ஒரு நாளை வரத்துக்கால் நாள் என்று வையுங்கள். மீன்பாசி குத்தகையில் ஒரு பங்கை நீர்பாய்ச்சி கூலிக்கு ஒதுக்கக் கேட்டுப் பாருங்கள். நாலு பேர் வந்தாலும் அந்த நாளைத் தள்ளிப் போடாதீர்கள்.

எப்போது விலகுவது?

தொடங்கிய அன்றே அதற்கான ஏற்பாட்டைச் செய்யுங்கள். வங்கிக் கணக்கு, கரும்பலகை, மடைச் சாவி, பொறியாளரின் கைப்பேசி எண் எல்லாமே உங்களிடம் மட்டும் இருந்தால் உங்களுக்குக் காய்ச்சல் வந்த அன்று கண்மாய்க்கும் காய்ச்சல். நான் மூன்று வருஷம் போய்வந்த ஓர் ஊரில் கணக்கு எழுத வந்த பெண்தான் இப்போது எல்லாவற்றையும் பார்த்துக்கொள்கிறார். போன ஐப்பசியில் இரண்டு நாள் விடாத மழை. கலுங்கு பாய்கிறதா என்று கேட்கக் கூப்பிட்டேன். பின்னால் ஒரே சத்தம், யாரோ மணல் மூட்டை கேட்டுக் கத்திக்கொண்டிருந்தார்கள். "இப்பப் பேச நேரமில்லைண்ணே, அப்புறம் கூப்பிடுறேன்" என்று வைத்துவிட்டார். இன்னும் கூப்பிடவில்லை.